1000 வாட்-அவர் பெட்டி உங்கள் வீட்டுக்கு எத்தனை மணி நேரம் வரும்?

வீட்டு மீட்டரில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 3200 என்றோ 1600 என்றோ ஓர் எண் போட்டிருக்கும். ஒரு யூனிட் கரண்ட் ஓடுவதற்குள் அந்த விளக்கு அத்தனை தடவை மினுக்கும் என்று அர்த்தம். கரண்ட் கட்டுக்கு என்று பேட்டரிப் பெட்டி வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் இந்த விளக்குக்கு எதிரே போய் நிற்பது நல்லது. எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே இருக்கிறது.

நான் சொல்வது போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் என்று விற்கிறார்களே, அந்தப் பெட்டியை. லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, மேலே கைப்பிடி, முன்னால் இரண்டு மூன்று பிளக் பாயின்ட், யு.எஸ்.பி. ஓட்டைகள் எல்லாம் வைத்திருப்பார்கள். வடசென்னையில் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ இருப்பவருக்கு இது எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்தை வைத்துக்கொண்டு நாம் இருட்டில் உட்காருவது பழகிப்போன விஷயம். ஆனால் நம் பக்கம் கரண்ட் போவது இரண்டு விதம், இரண்டுக்கும் கணக்கு வேறு. ஒன்று, பராமரிப்பு வேலை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு காலை 9 மணிக்கு நிறுத்தி மதியம் 2 மணிவாக்கில் கொடுப்பது. இன்னொன்று வெள்ளம். தெருவோரம் நிற்கிற பில்லர் பாக்ஸுக்குள் தண்ணீர் ஏறிவிட்டால், தண்ணீரில் நடப்பவர் மேல் கரண்ட் பாய்ந்துவிடக் கூடாது என்று இ.பி.யே லைனை அணைத்துவிடும். தண்ணீர் வடிகிறவரை திரும்பப் போட முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இருட்டு நாள் கணக்கில் நீண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஐந்து மணி நேரக் கட்டையும் மூன்று நாள் கட்டையும் ஒரே பெட்டியால் சமாளிக்க முடியுமா என்றால், கிட்டத்தட்ட முடியும். பெட்டி மாறத் தேவையில்லை, அதில் எதையெல்லாம் சொருகுகிறோம் என்பதுதான் மாற வேண்டும்.

பெட்டியின் அட்டையில் இரண்டு எண்கள் இருக்கும், கடையில் பாதிக் குழப்பம் இதில்தான். வாட் என்பது ஒரு நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது. வாட்-அவர் என்பது மொத்தமாக எவ்வளவு இருக்கிறது என்பது. 1000 வாட்-அவர் என்றால் சரியாக ஒரு யூனிட், அதாவது இ.பி. பில்லில் வரும் அதே யூனிட். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் பில் வருகிற வீடு ஒரு நாளைக்கு 4 யூனிட் எரிக்கிறது. ஆக, கையில் தூக்கிக்கொண்டு வரும் அந்த 1000 வாட்-அவர் பெட்டி உங்கள் வழக்கமான ஒரு நாளில் கால் பங்குதான். வீட்டையே இதில் ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

சரி, மீட்டருக்கு வருவோம். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டிய ஒன்றை மட்டும் ஓடவிடுங்கள். விளக்கு ஒருமுறை மினுக்கியதிலிருந்து அடுத்த மினுக்கு வரை எத்தனை விநாடி என்று போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பாருங்கள். 3200 என்று போட்ட மீட்டராக இருந்தால் 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வருவதுதான் வாட். 1600 மீட்டராக இருந்தால் 2250-ஐ வகுக்க வேண்டும். பழைய சீலிங் ஃபேன் ஒன்று முழு வேகத்தில் ஓடினால் கிட்டத்தட்ட 15 விநாடிக்கு ஒருமுறை மினுக்கும். கணக்குப் போட்டால் 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடுகிற புது வகை மோட்டார் வைத்தது) என்றால் 35, 40 விநாடி காத்திருக்க வேண்டிவரும், அதாவது 30 வாட் சொச்சம். ஒண்டுக்குடித்தன வீடுகளில் சப் மீட்டர் தனியாக இருந்தால் அதிலும் இதே விளக்கு இருக்கும், எண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தால் எங்கேயோ செட்டாப் பாக்ஸோ வாட்டர் பியூரிஃபையரோ சத்தமில்லாமல் தின்றுகொண்டிருக்கிறது, அது தனிக் கதை.

ஃப்ரிட்ஜ் மட்டும் இந்த முறைக்கு அவ்வளவு லேசில் அடங்காது. கம்ப்ரஸர் ஓடும்போது 100 வாட் இழுக்கும், அப்புறம் நின்றுவிடும், திரும்ப ஓடும். அதற்கு நாள் கணக்கு வேண்டும். ஸ்டார் ஸ்டிக்கரில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதை 365-ஆல் வகுத்தால் போதும். 200 யூனிட் என்று போட்டிருந்தால் ஒரு நாளைக்கு 550 வாட்-அவர். நம் வெயிலுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும்.

மீட்டர் விளக்கில் தெரியாத இன்னொன்று, மோட்டார் கிளம்பும்போது அடிக்கிற அடி. நிற்கிற மோட்டாருக்குள் கரண்ட் பாய்ந்தால் அதைத் தடுக்க ஆரம்பத்தில் பெரிதாக எதுவும் இருக்காது. மோட்டார் சுழல ஆரம்பித்த பிறகுதான் அதுவே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி, உள்ளே வருகிற கரண்டைக் கட்டுப்படுத்தும். அந்த அரை விநாடிக்குள் ஓடுகிறபோது எடுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு, சிலதில் அதற்கு மேலும் இழுத்துவிடும். காசிமேட்டில் ஐஸும் மீனும் ஏற்றி நிற்கிற மீன்பாடி வண்டியை முதலில் நகர்த்த மூன்று பேர் வேண்டும், உருள ஆரம்பித்துவிட்டால் ஒருவர் மிதித்துக்கொண்டே போய்விடுவார், அது மாதிரி. அரை விநாடி என்பதால் யூனிட் கணக்கில் இது ஒன்றுமே இல்லை, பேட்டரியும் குறையாது. ஆனால் 300 வாட் பெட்டியில் 100 வாட் ஃப்ரிட்ஜை மாட்டினால் கம்ப்ரஸர் உறுமும்போதே பெட்டி பயந்துபோய் அணைந்துவிடும். அட்டையில் சர்ஜ் என்று தனியாக ஓர் எண் இருக்கும், அதைப் பார்த்து வாங்க வேண்டும். பழைய மாடல் ஃப்ரிட்ஜுக்கு 1000 வாட்டாவது தாங்குகிற பெட்டி வேண்டும். இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் வைத்த புது ஃப்ரிட்ஜ் மெதுவாக வேகமெடுப்பதால் தொல்லை குறைவு. மாடிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஒரு எச்.பி. மோட்டாரை இந்தச் சின்னப் பெட்டிகளில் நினைக்கவே வேண்டாம். புயல் எச்சரிக்கை வந்ததும் சிண்டெக்ஸ் டேங்கை நிரப்பி வைப்பதுதான் மோட்டாருக்கான பேட்டரி. தெருவில் அடி பம்ப் இன்னும் வேலை செய்கிறது என்றால் நீங்கள் பாக்கியசாலி, அதற்கு ஒரு வாட்டும் வேண்டாம்.

இப்போது ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு போர்ஷன், நாலு பேர், அதில் பெரியவர் ஒருவருக்கு இரைப்பு. இரண்டு ஃபேன் பத்து மணி நேரம், மூன்று 9 வாட் பல்பு ஐந்து மணி நேரம், வைஃபை ரூட்டர் பதினைந்து மணி நேரம், நாலு போன், நெபுலைசர் மூன்று வேளை. பல்புகளுக்கு 135 வாட்-அவர். ரூட்டர் 10 வாட் என்றால் 150. போன் ஒன்றுக்கு 20 வாட்-அவர் வைத்தால் 80. நெபுலைசர் 120 வாட் என்று பார்க்கும்போது பயமாக இருக்கும், ஆனால் வேளைக்குப் பத்து நிமிடம்தானே, நாள் முழுக்கச் சேர்த்தாலே 60 வாட்-அவர்தான். இதெல்லாம் சேர்ந்து 425. இனி ஃபேன். பழைய ஃபேன் இரண்டு என்றால் 1500, பி.எல்.டி.சி. என்றால் 600.

அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் பழைய இரண்டு ஃபேனில் மூன்றில் ஒரு பங்குகூட வரவில்லை. ஃபேனை மாற்றினால் மிச்சமாவது 900 வாட்-அவர், அதாவது கிட்டத்தட்ட இன்னொரு பெட்டி. இரண்டு பி.எல்.டி.சி. ஃபேனுக்கு ஆறேழாயிரம் ஆகும். இன்னொரு 1000 வாட்-அவர் பெட்டிக்கு அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும். அதுவும் ஃபேன் வருடம் முழுக்க இ.பி. பில்லிலும் குறைத்துக்கொண்டே இருக்கும், பெட்டியோ மழைக்காலத்துக்காகக் காத்துக்கொண்டு மூலையில் கிடக்கும். பெரிய பெட்டி வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் நான் முதலில் கேட்பது வீட்டில் என்ன ஃபேன் என்றுதான். மிக்சி, அயர்ன் பாக்ஸ், கெட்டில் இதையெல்லாம் பார்த்துப் பயப்படுகிறவர்கள் ஃபேனைப் பார்த்துப் பயப்படுவதில்லை. 750 வாட் மிக்சி ஐந்து நிமிடம் சட்னி அரைத்தால் 60 வாட்-அவர் சொச்சம்தான். பெட்டி அந்த வாட்டைத் தாங்குமா என்பதுதான் அங்கே கேள்வி, பேட்டரி தீருமா என்பதல்ல. ராத்திரி முழுக்க அமைதியாகச் சுற்றுவதுதான் பேட்டரியைக் காலி செய்கிறது.

ஆக, பி.எல்.டி.சி. ஃபேன் போட்டால் அந்த வீட்டுக்கு நாளைக்கு 1025 வாட்-அவர் தேவை. அப்படியானால் 1000 பெட்டி கிட்டத்தட்ட சரியாக வரும் என்று தோன்றும், வராது. பேட்டரியில் இருப்பது நேர் மின்சாரம் (டி.சி.). அதை 230 வோல்ட் மாறு மின்சாரமாக (ஏ.சி.) மாற்றும்போது பத்து, பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும். 1025-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1200 ஆகிறது.

இதைவிட மோசமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பெட்டியின் பிளக் பாயின்ட்டுக்கு கரண்ட் கொடுக்கிற ஏ.சி. பட்டனை அழுத்தி வைத்தாலே, எதுவும் சொருகாவிட்டாலும், உள்ளே இருக்கிற இன்வெர்ட்டர் 230 வோல்ட்டைத் தயாராக வைத்திருப்பதற்காக விடாமல் வேலை செய்துகொண்டிருக்கும். அதற்கு 10 முதல் 20 வாட் வரை போகும். 15 வாட் என்றே வைத்துக்கொள்வோம். 10 வாட் ரூட்டர் ஒன்றை மட்டும் அதில் மாட்டிவிட்டு ராத்திரி தூங்கிவிட்டால், ரூட்டர் சாப்பிட்டது 100, பெட்டி தனக்கே சாப்பிட்டுக்கொண்டது 150. விடிந்து பார்த்தால் 300 வாட்-அவர் பெட்டியில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும், ஏமாற்றிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுவோம். ரூட்டரை பிளக் பாயின்ட்டில் மாட்டாமல் 12 வோல்ட் டி.சி. ஓட்டையில் மாட்டினால் இந்தச் செலவில் பெரும்பகுதி தப்பும், பெரும்பாலான ரூட்டரின் அடாப்டரும் 12 வோல்ட்டைத்தான் கொடுக்கிறது (அடாப்டர் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் செய்யுங்கள்). போன் எல்லாம் யு.எஸ்.பி.யில். ஏ.சி. பட்டன் ஃபேனுக்கும் நெபுலைசருக்கும் மட்டும். 12 வோல்ட்டில் ஓடுகிற டேபிள் ஃபேனும் யு.எஸ்.பி. பல்பும் கையில் இருந்தால் ராத்திரி ஏ.சி. பட்டனைத் தொடவே வேண்டாம்.

மூன்று நாள் வெள்ளத்துக்கு 1200-ஐ மூன்றால் பெருக்கி 3600 வாட்-அவர் பெட்டி வாங்கச் சொல்லமாட்டேன். அந்தப் பணத்தில் வேறு எத்தனையோ செய்யலாம், எடையும் 30, 40 கிலோ வரும். புயல் நாளில் வீடு வேறு மாதிரி ஓடும். காற்று குளிர்ந்திருக்கும், ஆனால் கொசுவுக்காகவாவது ஃபேன் வேண்டும். ஒரே அறையில் எல்லோரும் படுத்து ஒரு பி.எல்.டி.சி. ஃபேனைப் பாதி வேகத்தில் எட்டு மணி நேரம் விட்டால் 120 வாட்-அவர். இங்கே ஒரு சின்ன இயற்பியல் நமக்குச் சாதகமாக இருக்கிறது: இறக்கையின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றைத் தள்ளத் தேவையான சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். மோட்டாரும் அதன் மின்னணுச் சர்க்யூட்டும் எடுப்பதையும் சேர்த்தால் அவ்வளவு குறையாது, ஆனாலும் 15 வாட் பக்கத்தில் வந்துவிடும். இரண்டு பல்பு 90, போன்கள் 80, நெபுலைசர் 60. மொத்தம் 350, மாற்றும்போது ஆகிற இழப்பைச் சேர்த்தால் 410 சொச்சம். ஃபேனுக்காக எட்டு மணி நேரம் ஏ.சி. பட்டனைப் போட்டு வைத்தால் இன்னொரு 120. 1000 வாட்-அவர் பெட்டி கிட்டத்தட்ட இரண்டு நாள் வரும், 12 வோல்ட் ஃபேனும் யு.எஸ்.பி. பல்புமாக மாற்றி ஏ.சி. பட்டனைத் தொடாமல் விட்டால் மூன்றாம் நாள் காலை வரை இழுத்துக்கொண்டு வரும். ஃப்ரிட்ஜை இதில் சேர்க்கவில்லை. திறக்காமல் மூடி வைத்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். ஐந்து மணி நேரப் பராமரிப்புக் கட்டு அதைக் கொஞ்சம்தான் தாண்டுகிறது, அதற்காக ஃப்ரிட்ஜுக்கு பேட்டரி வாங்க வேண்டியதில்லை, இட்லி மாவு கொஞ்சம் புளிக்கும். உள்ளே இன்சுலின் வைத்திருக்கிற வீடு என்றால் கதை வேறு, அப்போது நாளுக்கு இன்னொரு 500, 600 சேர்த்து எண்ணிக்கொண்டு பெரிய பெட்டிக்குப் போக வேண்டியதுதான்.

சீலிங் ஃபேனை எப்படி இதில் மாட்டுவது? இங்கேதான் உயிர்போகிற காரியம் ஒன்றைச் சிலர் செய்கிறார்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயர் ஒன்றைச் செய்து, ஒரு முனையைப் பெட்டியிலும் இன்னொரு முனையைச் சுவரில் இருக்கும் பாயின்ட்டிலும் சொருகினால் வீடு முழுக்க கரண்ட் வந்துவிடும், உண்மைதான். மெயினை இறக்க மறந்தால் அதே கரண்ட் தெரு லைனுக்கும் போகும், லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி வேலை செய்துகொண்டிருக்கிற ஊழியர் மேல் பாயும். ஒயரின் ஒரு முனை கழன்றால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பின்னில் 230 வோல்ட் இருக்கும், குழந்தை தொட்டால் முடிந்தது. தயவுசெய்து வேண்டாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஃபேன், லைட் லைனை மட்டும் தனியாகப் பிரித்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச் (இ.பி. லைன், பெட்டி இரண்டில் ஒன்றை மட்டும் இணைப்பது) போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் பி.எல்.டி.சி. பெடஸ்டல் ஃபேன் வாங்கி நேரே பெட்டியில் மாட்டுங்கள்.

பேட்டரி வகையைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாவது யோசனை இல்லை, லித்தியம் அயர்ன் பாஸ்பேட்தான். 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. அவருக்கு 2019-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பாஸ்பேட்டில் ஆக்சிஜன் இறுகப் பிணைந்திருப்பதால் சூடானாலும் சட்டென்று வெளியே வராது, அதனால் தீப்பிடிக்கிற அபாயம் மற்ற லித்தியம் வகைகளைவிடக் குறைவு. இரண்டாயிரம், மூவாயிரம் தடவை சார்ஜ் செய்த பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும். ஆனால் வாரத்துக்கு ஒருமுறை கட்டாகிற வீட்டுக்கு 3000 தடவை என்பது ஐம்பது வருடத்துக்கு மேல். அதற்குள் பேட்டரி சும்மா இருந்தே கிழடாகிவிடும். 6000 தடவை என்று போட்டு அதற்கு அதிக விலை கேட்டால் கொடுக்க வேண்டாம். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ராத்திரிக் கடை போடுகிறவருக்கு மட்டும் அந்த எண் முக்கியம். ஏ.சி. பட்டன் தேவைப்படாத 12 வோல்ட் பல்பு நாலு, ஒவ்வொன்றும் 9 வாட், ஐந்து மணி நேரம், 180 வாட்-அவர், இழப்போடு 212-க்குள். தினமும் ஒருமுறை காலி செய்து நிரப்பினால் 3000 தடவைக்கு எட்டு வருடம். 300 வாட்-அவர் பெட்டி எட்டு வருடம் கழித்து 240 ஆகச் சுருங்கினாலும் கடை நடக்கும், ஜெனரேட்டர் புகையும் இல்லை.

சும்மா இருந்து கிழடாவது என்றேனே, அதை வேகப்படுத்துவது சூடு. தோராயமாக 10 டிகிரி கூடினால் பேட்டரி முதிர்கிற வேகம் இரட்டிப்பாகும் என்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பரணில் முழு சார்ஜோடு மே மாதத்தில் ஏற்றி வைத்தால் பெட்டிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. கோடையில் பாதி சார்ஜில் கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும், அக்டோபர் பிறந்ததும் முழுதாக நிரப்பி உயரத்தில் ஏற்றுங்கள். இன்வெர்ட்டருக்கு வைக்கிற 150 ஆம்பியர்-அவர் ஆசிட் பேட்டரி ஐம்பது கிலோவுக்கு மேல், தண்ணீர் வாசலைத் தாண்டினால் அதைத் தூக்க ஆள் தேட வேண்டும். 1000 வாட்-அவர் லித்தியம் பெட்டி 10, 14 கிலோதான், பீரோ மேல் ஏற்றிவிடலாம். இதற்காகவே நம் பக்கத்துக்கு இது பொருத்தம் என்பேன்.

மொட்டை மாடியில் 200 வாட் சோலார் பேனல் போட்டால் நல்ல வெயில் நாளில் 700 வாட்-அவர் வரை கிடைக்கும். புயல் அடிக்கிற அன்று அதில் பத்தில் ஒன்றும் வராது. அதனால் பேனல் வீண் என்று நினைக்க வேண்டாம். மிக்ஜாமில் டிசம்பர் 5-ஆம் தேதி மழை விட்டுவிட்டது, பல தெருக்களில் தண்ணீரும் இருட்டும் விடவில்லை. அந்த இடைவெளி நாட்களில்தான் பேனல் சோறு போடும்.

வாங்கும்போது ஒன்று: கடைக்காரர் "80,000 எம்.ஏ.எச். சார், பெரிய பேட்டரி" என்றால் மயங்காதீர்கள். அது 80 ஆம்பியர்-அவர், 3.7 வோல்ட் கணக்கு என்றால் 80-ஐ 3.7-ஆல் பெருக்கினால் 296 வாட்-அவர்தான். வாட்-அவர் எண் அட்டையில் இல்லையென்றால் பெட்டியை அங்கேயே வைத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும், பில் புதுசாக இருக்கும்போதே, ஒருமுறை முழுதாக நிரப்பி 50 வாட் டேபிள் ஃபேன் ஒன்றை மட்டும் மாட்டி விட்டுவிடுங்கள். 1000 வாட்-அவர் பெட்டி 12, 13 மணி நேரமாவது ஓட்ட வேண்டும். திரையில் காட்டுகிற சதவீதத்தை நம்ப வேண்டாம். அயர்ன் பாஸ்பேட் செல்லின் வோல்ட்டேஜ் 90 சதவீதத்திலிருந்து 20 வரை பத்தில் ஒரு வோல்ட் அளவுக்குத்தான் இறங்கும், அதை வைத்து மீதியைக் கணிப்பது கஷ்டம் என்பதால் பெட்டி உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் எண்ணிக் கூட்டிக்கழித்துத்தான் காட்டுகிறது, அந்தக் கணக்கு நாளாக நாளாகத் தவறும். இடையிடையே ஒரு முழு சார்ஜ் கொடுத்தால் திருத்திக்கொள்ளும். கடிகாரம் பொய் சொல்லாது. 10 மணி நேரத்திலேயே ஃபேன் நின்றால் மறுநாளே பில்லோடு கடைக்குக் கிளம்புங்கள்.